நம்பரை வாய்விட்டுச் சொல்லாதீங்க

பள்ளிக்கு விடுமுறை. மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டிருந்த மத்தியானத்தில் கணக்கு டீச்சர் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தாள். கம்ப்யூட்டர் சார் மட்டும் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். பூட்டிக் கிடந்த அறையின் புழுக்கம், சாக்பீஸ் தூசி. அதற்கு நடுவே, யாரோ இப்போதுதான் தேய்த்துக்கொண்ட மாதிரி தலைவலித் தைலத்தின் வாசனை.

"உங்களுக்குத் தலைவலியா சார்?"

"இல்லையே. ஏன்?"

அவர் முகத்தை ஒரு கணம் அளந்து பார்த்தாள். சந்தேகம் வந்துவிட்டால் மனுஷன் தும்மினால்கூடக் கள்ளத் தும்மலாகத்தான் தெரிகிறது.

வினாத்தாள் வருகிற பள்ளி மெயிலை, அவள் திறப்பதற்கு முன்பே யாரோ திறந்து பார்த்துவிடுகிறார்கள். பாஸ்வேர்டை மாற்றியும் பயனில்லை. மாற்றிக் கொடுப்பவரே கம்ப்யூட்டர் சார்தான். வேறு யாரைச் சந்தேகப்படுவது?

போன தேர்வில் வினாத்தாள் வெளியே கசிந்து, பழி மொத்தமும் அப்போது தேர்வுப் பொறுப்பில் இருந்த அறிவியல் அக்கா தலையில் விழுந்தது. அவர் சொன்னது எதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலை போனது. அந்த மாதமே உயிரும் போனது. இப்போது அந்தப் பொறுப்பு கணக்கு டீச்சருக்கு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். இந்தத் தாளும் கசிந்தால் அவள் கதையும் முடிந்தது.

அதனால்தான் இன்றே இரண்டாவது பூட்டு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பாஸ்வேர்டு போட்டதும் திரையில் ஒரு எண் வரும். அதே எண்ணைத் தன் போனில் அழுத்தினால்தான் மெயில் திறக்கும்.

கம்ப்யூட்டர் சார் அவள் போனைச் சேர்த்துக் கொடுத்தார். பாஸ்வேர்டு போட்டாள். திரையில் எண் வந்தது.

"முப்பத்தி ஒண்ணு," என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள்.

மெயில் திறந்துகொண்டது.

அவள் இன்னும் எதையும் அழுத்தவில்லை.

"சார், உங்க போன்ல அழுத்தினீங்களா?"

"என் போன் சார்ஜர்ல கிடக்கு. நீங்களே பாருங்க." லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அடடா. அக்கா போனை எடுக்க மறந்துட்டேன்."

"எந்த அக்கா?"

அவர் மூலையில் கிடந்த, அறிவியல் அக்காவின் காலி நாற்காலியைக் கண்ணால் காட்டினார். "இங்க யாருக்கும் இந்தப் பூட்டோட மல்லுக்கட்டப் பொறுமை இல்லை. எல்லார் மெயிலையும் அவங்க ஒருத்தர் போன்லயே சேர்த்து வெச்சிருந்தேன். யார் மெயில் திறந்தாலும் இங்கிருந்தே நம்பரைக் கத்துவாங்க. அக்கா அந்த மூலையில உக்காந்து அழுத்திடுவாங்க. அவங்க போனதும் பூட்டை நிறுத்தி வெச்சேன்."

எத்தனை பேருடைய பழி அந்த ஒரு போனுக்குள் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அந்த போன் இப்ப யார்கிட்ட இருக்கு?"

"யார்கிட்டயும் இல்ல டீச்சர். அவங்களோடயே மண்ணுக்குள்ள போயிடுச்சு."

அக்கா போனை லேப்டாப் பட்டியலிலிருந்து அவள் கண்ணெதிரே நீக்கினார். இப்போது மிச்சம் அவள் போன் ஒன்றுதான். மறுபடி முயன்றாள். இந்த முறை எண்ணை மனசுக்குள்ளேயே படித்தாள். காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. போனில் அழுத்திய பிறகுதான் மெயில் திறந்தது. அப்பாடா என்றிருந்தது.

கம்ப்யூட்டர் சாருக்குத்தான் மனசு கேட்கவில்லை. மெயிலை மூடி, மறுபடி பாஸ்வேர்டு போட்டார். திரையைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மெல்லச் சொன்னார்.

"எழுபத்தி நாலு."

மூலை நாற்காலி கிறீச்சிட்டது.

மெயில் திறந்தது.

தைல வாசனை இப்போது மூக்கின் பக்கத்திலேயே இருந்தது. கம்ப்யூட்டர் சார் லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டு எழுந்து நின்றார்.

அவள் போன் அதிர்ந்தது.

உங்கள் மெயிலுக்குள் யாரோ நுழையப் பார்க்கிறார்கள். நீங்கள்தானா?

லேப்டாப் மூடிக் கிடக்கிறது. கம்ப்யூட்டர் சாரின் கைகள் அவள் கண்ணெதிரே இருக்கின்றன. இத்தனை நாளாக அவரைத் திருடன் என்று நினைத்தோமே என்று ஒரு பக்கம் வெட்கம், மறுபக்கம் அவரே திருடனாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏக்கம்.

'நான் இல்லை' என்பதை அழுத்தினாள்.

மறுபடி கேட்டது. மறுபடி அழுத்தினாள்.

போன் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு எழுத்துகள் வந்தன.

வினாத்தாள் திறக்கப்பட்டது. வேறொருவருக்கு அனுப்பப்பட்டது. அனுமதித்தது: உங்கள் போன்.

"நான் இல்ல சார்!" அவள் குரல் உடைந்தது. "நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? நாளைக்குக் கேட்டா சொல்லுவீங்கல்ல?"

கம்ப்யூட்டர் சார் அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகப் பழக்கம். இத்தனை நாளும் அவரை அவள் பார்த்த பார்வைதான் அது.

"போன் உங்களோடது டீச்சர்," என்றார், கதவுப் பக்கம் பின்வாங்கியபடி. "எனக்கும் குடும்பம் இருக்கு. யாராவது கேட்டா... நான் எதையும் பாக்கலன்னுதான் சொல்லுவேன்."

அவர் செருப்புச் சத்தம் வராந்தாவில் ஓடி மறைந்தது.

"நான் இல்லை," என்றாள், யாருமில்லாத அறையைப் பார்த்து.

அவள் காதோரமாக, மிகவும் களைத்த ஒரு குரல் கேட்டது.

"நானும் இதையேதாம்மா சொன்னேன்."