பேர் சொல்லாமல் பிடுங்கக் கூடாது

நேற்று வரைக்கும் பச்சையாகத்தானே இருந்தது?

மேரிசெல்வி விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடியே நின்றாள். வண்டி ஸ்டாண்டின் கடைசி மூலையில், கித்தான் போர்த்திய பேட்டரி ஸ்கூட்டருக்குக் கீழே, சார்ஜர் பெட்டியின் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக ப்ளக்கைப் பிடுங்காமல் கிடக்கிற வண்டி அது. ஏற வேண்டிய கரண்டெல்லாம் என்றைக்கோ ஏறி முடிந்து, சார்ஜர் சத்தமில்லாமல் பச்சை காட்டிக்கொண்டிருக்கும். காலையில் கேட்டைத் திறந்ததும் அவள் முதலில் பார்ப்பது அந்தப் பச்சையைத்தான். சாயங்காலம் பூட்டும்போது கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான். சிவப்பு என்றால் பேட்டரி இறங்கியிருக்கிறது. பேட்டரி இறங்கினால், யாரோ ஓட்டியிருக்கிறார்கள்.

வண்டிச் சாவி அவளுடைய தாலிக்கயிற்றில், சிலுவைத் தாலிக்குப் பக்கத்தில் தொங்கியது. தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

குனிந்து கித்தானை விலக்கினாள். சார்ஜர் முனகிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையே மறந்துபோயிருந்தாள்; பக்கத்து அறையில் யாரோ வாயைத் திறக்காமல் ஜெபம் சொல்வதைப் போல, விடாமல், ஒரே சுருதியில். முன் சக்கரத்தைத் தொட்டாள். ஈரம். விரலில் ஒட்டிக்கொண்டது ரோட்டுப் புழுதி இல்லை. பொங்கல் முடிந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் உப்புப் பாத்திகளில் இப்போதுதான் தண்ணீர் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பாத்தியின் சாம்பல் நிறச் சேறு. முந்தானையில் விரலைத் துடைத்தாள். துடைத்த பிறகும் விரல் நெருநெருவென்றிருந்தது.

இந்த வண்டியை இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு பட்டறையில் அவள் புருஷன் சாலமன்தான் பாகம் பாகமாகத் தன் கையால் பூட்டி முடித்தான். அங்கே வேலை பார்த்துக்கொண்டே மரக்காணத்தில் இந்த ஸ்டாண்டையும் நடத்தினான். அந்தப் பட்டறை வண்டிகள் நாலைந்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஓடின. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் வண்டியை இங்கே விட்டுவிட்டு, சென்னை பஸ் ஏறி, விமான நிலையத்தில் இறங்கிப் பறந்துவிடுவார்கள். திரும்பி வர மாசங்கள் ஆகும், வருஷங்கள் ஆகும். ஸ்டாண்டில் சார்ஜ் போடுகிற பாயிண்ட் ஒன்றே ஒன்று. துபாய்க்குப் போகிறவன் செருகிவிட்டுப் போய்விட்டால் அடுத்தவன் என்ன செய்வான்? கேட்காமல் பிடுங்கிவிட்டான் என்று ஒருநாள் சட்டை கிழிய சண்டை நடந்தது. அன்றைக்குத்தான் சாலமன் சொன்னான்: பிடுங்குகிறவன் ரோட்டுப் பக்கம் திரும்பி, வண்டிக்காரன் பேரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட வேண்டும். 'புடுங்கு' என்று பதில் வந்தால் பிடுங்கலாம். 'இன்னும் ஆவல' என்றால் காத்திருக்க வேண்டும். பதிலே வராவிட்டாலும் பிடுங்கலாம். ஆனால் பேர் சொல்லாமல் பிடுங்கக் கூடாது.

அது பழக்கமாகி, பிறகு விளையாட்டாகவும் ஆனது. ஆள் துபாயில் இருப்பது தெரிந்தே கூப்பிடுவார்கள். எதிர் டீக்கடையிலிருந்து பக்கிரி கையைக் குவித்துக்கொண்டு, "புடுங்குடா! எனக்கு ஒட்டகம் வந்துடுச்சி, நான் அதுலயே போய்க்கிறேன்" என்று கத்துவான். ஸ்டாண்டே சிரிக்கும். எல்லாரையும்விடச் சத்தமாகச் சாலமன் சிரிப்பான்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸ். அதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சாலமன் வண்டியைச் செருகிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினான். "நெத்திலி வந்திருக்கும். நடந்தே போயிட்டு வந்துடறேன் மேரி. ஆயிடுச்சின்னா கூப்பிடு, கடலாண்டேர்ந்தே பதில் சொல்றேன்" என்றான். வண்டியில் சார்ஜ் இருந்திருந்தால் ஓட்டிக்கொண்டு போயிருப்பான். ஓட்டிக்கொண்டே திரும்பியும் வந்திருப்பான். விளக்கு பச்சைக்கு மாறியதும் அவள் கூப்பிடத்தான் ரோட்டுக்கு வந்தாள். ரோட்டில் ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பாத்திகள் இருக்கிற இடத்தில் கடல் இருந்தது.

உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி கொளுத்தி வைக்க அவளுக்கென்று ஒரு மண்மேடு இல்லை. அன்றைக்கு ஸ்டாண்டுக்கு வந்து வண்டியைத் துடைத்தாள். கூப்பிடவில்லை. பிடுங்கவும் இல்லை. மற்ற பேட்டரி வண்டிக்காரர்கள் அந்தப் பாயிண்டைக் கேட்பதை விட்டுவிட்டார்கள், வீட்டிலேயே போட்டுக்கொண்டார்கள். கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் பிடுங்கியாக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். கூப்பிடாத வரைக்கும் அவன் எங்கேயோ நின்று டீ குடித்துக்கொண்டிருக்கிறான்.

சாயங்காலம், சென்னை பஸ் நின்று கிளம்பிய புகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணி!"

தங்கராசு. மேற்கே ஒரு கிராமத்துக்காரன். சாலமனிடம் சண்டை போட்டு, சாலமனிடமே சோறு தின்றவன். துபாய்க்குப் போய் இரண்டு வருஷம். தோளில் பை, காலடியில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி.

"வாப்பா. நல்லா இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி. அங்க இருக்கும்போதே கேள்விப்பட்டேன். போன் பண்ணணும்னு நெனப்பேன். பண்ணி என்னான்னு பேசறது?" முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஸ்டாண்டுக்குள் நின்ற தன் பேட்டரி வண்டியைத் தட்டினான். "என் மச்சான் நேத்து கொண்டாந்து வுட்டுருக்கான் பாருங்க, சொட்டு சார்ஜ் இல்லாம. மாப்ள வர்றான்னு வண்டிய தொடச்சி வெச்சிருக்கான், சோம்பேறி. ஒரு மணி நேரம் போட்டா ஊர் போய்ச் சேந்துடும். புள்ளைங்க வாசல்லயே நிக்கும்."

பாயிண்டைத் தேடிய அவன் கண் கித்தானில் போய் நின்றது.

"இது அண்ணன் வண்டியா? இன்னும் சொருகியேவா இருக்குது?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"எத்தினி நாளைக்கு அண்ணி?" மெதுவாகத்தான் கேட்டான். "நான் மரியாதையா கூப்பிட்டுட்டுப் புடுங்குறேன். அவரு வெச்ச ரூல்தானே. நீங்க வேணா கொஞ்சம் அந்தாண்ட போய் நில்லுங்க."

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் ரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டான். ரோட்டுக்கு அப்பால் பாத்திகள், சாயங்கால வெளிச்சத்தைக் கட்டங்கட்டமாகத் தேக்கி வைத்துக்கொண்டு கிடந்தன.

"சாலமன் அண்ணே!" கையைக் குவித்துக்கொண்டு கூப்பிட்டான். "புடுங்கட்டுமா?"

டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் நின்றது. பாத்தியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த எஞ்சின் நின்றது. காற்றும் நின்றதாக அவளுக்குத் தோன்றியது.

"புடுங்கு."

பக்கத்திலிருந்தும் இல்லை, தூரத்திலிருந்தும் இல்லை. தண்ணீருக்கு மேல் தட்டையாக வழுக்கி வந்த குரல்.

"ஏம்பா பக்கிரி!" தங்கராசு சீறினான். "வெளையாட்ற விஷயமா இது?"

பக்கிரி வடிகட்டியோடு ரோட்டோரம் வரைக்கும் வந்து நின்றான். வடிகட்டியிலிருந்து டீத்தண்ணீர் அவன் கால்மேல் சொட்டியது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"நான் வாயே தொறக்கல தங்கராசு."

ப்ளக்கை நோக்கி நீண்ட தங்கராசுவின் கை அந்தரத்தில் நின்றது. "அண்ணி. கேட்டுச்சா?"

"கேட்டுது."

"புடுங்கச் சொல்றாரு."

"சொல்றாரு." அவள் நடந்து போய் வண்டிக்கும் அவனுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். "நீ ஆட்டோல போப்பா. புள்ளைங்க நிக்கும்."

அவன் போனான். அட்டைப்பெட்டி ஆட்டோவில் ஏறுகிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பக்கிரி அடுப்பில் தண்ணீரை ஊற்றினான். ஆவி எழுந்தது. எப்போதும் கடையை மூடும்போது அவளிடம் ஏதாவது கேலி பேசிவிட்டுப் போகிறவன், இன்றைக்கு ரோட்டின் மறுபக்கமாகவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தாள். பூட்டை எடுத்தாள். அப்போது கரண்ட் போனது.

டியூப்லைட் அணைந்தது. தெருவிளக்கு அணைந்தது. பஸ் நிறுத்தத்தின் பெட்டிக்கடையும் இருட்டுக்குள் போனது. உப்பும் ஈயமும் கலந்த ஒரு வாடை, மழைக்கு முன்னால் வருவதைப் போல, ஸ்டாண்டுக்குள் மெல்லப் பரவியது. அவள் மூலையைப் பார்த்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முனகல் நிற்கவில்லை.

ஊரெல்லாம் கரண்ட் இல்லை. எங்கிருந்து ஏறுகிறது?

ஸீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. அவளுக்குப் பழகிய சத்தம். அவன் எப்போதும் இடது பக்கமாகச் சாய்ந்து உட்காருவான். கித்தான் இடது பக்கம் அழுந்தியது. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. சிமெண்டுத் தரையில். சொட்டு. சொட்டு.

முனகல் நின்றது. விளக்கு பச்சையானது.

"மேரி."

அவள் திரும்பி ஓடவில்லை. அவளை அவளே ஆச்சரியமாகக் கவனித்தாள். பயம் இருந்தது. ஆனால் அதற்கும் அடியில், ஒரு வருஷமாகக் காய்ந்து வெடித்திருந்த ஏதோ ஒன்று, இந்தக் குரலை வாய் வைத்துக் குடித்தது.

"ஆயிடுச்சி பாரு மேரி."

"ம்."

"நேத்து ஓட்டிப் பாத்தேன். பாத்திய தாண்ட மாட்டேங்குது. எவ்ளோ தூரம் போனாலும் இங்கியே வந்து நிக்குது." குரலுக்கு நடுவில் தண்ணீர் புரண்டது. "குளிருது. பேர் சொல்லிக் கூப்புட்டுட்டுப் புடுங்கிடு. நான் போவணும்."

நாலெழுத்துப் பேர். நாக்கில் வந்து நின்றது. அதைச் சொன்னால் போதும், கையை இழுத்தால் போதும். அவன் போய்விடுவான். குளிர் இல்லாத இடத்துக்குப் போவான். அவள் மட்டும் இந்த மூலையில், பாயிண்டின் காலியான மூன்று ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நாளைக்கும். மறுநாளும்.

மண்டியிட்டாள். ப்ளக்கைப் பிடித்தாள்.

அவள் கையின்மேல் இன்னொரு கை வந்து படிந்தது. ஊறிய கை. தோல் தனியாக நழுவியது. விரல்களுக்கு நடுவே உப்புக்கல் கரகரத்தது. அவளை அவசரப்படுத்தவில்லை. காத்திருந்தது, எப்போதும்போல.

"கூப்புடு மேரி."

அவள் ப்ளக்கை உள்ளே தள்ளினாள். இன்னும் அழுத்தமாக. சுவரோடு சுவராக. மறுகையின் கட்டை விரலை அந்தச் சின்ன விளக்கின்மேல் வைத்து மூடினாள். நகத்தின் வழியாகப் பச்சை கசிந்தது. அந்த வெளிச்சத்தில், தன் முகத்துக்கு நேரே குனிந்திருந்ததை அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அங்கிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"இன்னும் ஆவலீங்க" என்றாள்.