அலசல் நேரத்தில் வந்த சம்பந்தம்

நாச்சிமுத்து தன் அப்பாவுக்கு மெதுவாகப் பேசக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். அப்பா தேறுவதாக இல்லை.

"வாங்க, உக்காருங்க" என்றார் அப்பா ரித்தீஷ்.

"அய்யோ, பஸ்ஸுக்கு ஆள் ஏத்தற மாதிரி சொல்றீங்க. 'வாங்க'ன்னு சொல்லுங்க. நிறுத்துங்க. சுவத்தப் பாருங்க. அடுத்து என்ன சொல்ல வந்தோம்னு யோசிங்க. அப்புறம் 'உக்காருங்க'."

"அதுக்குள்ள அவங்களே உக்காந்துருவாங்களேடா?"

"உக்காரட்டும். அதுதாம்ப்பா கவுரவம்."

அம்மா லக்ஷிதா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அலசல்னா தானா ஓடும், எல்லாரும் தானா மெதுவாயிருவோம். இதுக்கெதுக்கு சாமி ஒத்திகை?"

நாச்சிமுத்து உண்மையைச் சொன்னான். கல்லூரி இரண்டாமாண்டு தேர்வுக்கு முன்பு வீட்டுமூளையின் அலசலை நிறுத்தியவன், இன்றுவரை திரும்பப் போடவில்லை.

"அடப்பாவி" என்றார் அப்பா, மிக வேகமாக. "நம்ம பெட்டி நல்ல ஜாதிப் பெட்டி, களைப்பே வராதுன்னு ஊரெல்லாம் பீத்திட்டுத் திரிஞ்சனேடா!"

வீட்டுமூளைப் பெட்டி பீரோவின் மேல் இருந்தது. டிபன் கேரியரைப் படுக்கவைத்தது போன்ற அளவு, சாம்பல் நிறம். வீட்டில் உள்ளவர்களின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் செவித்தகடுகள் அதனோடு பிணைந்திருந்தன. சித்தப்பா மகளின் பெயர், ரசத்துக்கு உப்பு, எதிரே வருபவரிடம் சிரிக்க வேண்டுமா வேண்டாமா என்பது வரை எல்லாவற்றையும் தலை அதனிடம்தான் கேட்டு வாங்கியது. சொந்த மூளையும் இருந்தது, பழைய ஸ்கூட்டர் மாதிரி. ஓட்டவும் முடியாது, விற்கவும் மனம் வராது.

நச்சுநிரல் புகாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவல்நிரல் தினமும் மாலையில் பெட்டியை மூலைமுடுக்கெல்லாம் துழாவும். அதற்குப் பெயர் அலசல். துழாவும்போது பெட்டியின் தெம்பையெல்லாம் அதுவே எடுத்துக்கொள்ளும் என்பதால், அந்த நேரத்தில் குடும்பம் மொத்தமும் மந்தமாகிவிடும். ஆரம்பத்தில் ஜனங்கள் திட்டினார்கள். நாட்காட்டித் தாளில் ராகு காலத்துக்குக் கீழே தெருவாரியாக அலசல் நேரம் அச்சாயிற்று. அந்த நேரத்தில் யாரும் நல்ல காரியம் தொடங்குவதில்லை.

அப்புறம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம் நடந்தது. அலசாத வீட்டில் சம்பந்தம் செய்து, இரு வீட்டுப் பெட்டிகளையும் பிணைத்தார்கள். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை, பெண், பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் பக்கத்தில் உள்ளவரிடம் திரும்பி, ஒரே குரலில், ஒரு கூந்தல் தைலத்தைச் சிபாரிசு செய்தார்கள். ஒரு வாரம் நிறுத்தவே இல்லை.

அன்றிலிருந்து எல்லாம் தலைகீழ். மந்தமாக இருந்தால் அலசுகிற வீடு, சுத்தமான வீடு. கேட்டதும் பதில் சொன்னால் சந்தேகம். மேடையில் தலைவர்கள் இரண்டு சொற்களுக்கு நடுவே தண்ணீர் குடித்தார்கள், கூட்டம் கைதட்டியது. காபியில் ஆடை படிந்த பிறகே விருந்தாளிக்குக் கொடுப்பது முறையாயிற்று. பெண் கொடுக்கிறவர்கள் அலசல் நேரம் பார்த்து வந்து, மாப்பிள்ளை வீடு எவ்வளவு மந்தமாகிறது என்று கவனித்துவிட்டுத்தான் தட்டு மாற்றினார்கள்.

இன்று அப்படி வரப்போவது வேலாத்தாவின் வீட்டார். வேலாத்தா நாச்சிமுத்துவோடு படித்தவள். இருவரும் மூன்று வருடமாகக் காதலித்து, கடைசியில் அதை ஒரு தரகர் மூலமாகத் தங்கள் பெற்றோருக்கே யோசனையாகச் சொல்லவைத்திருந்தார்கள். இந்த ஒரு மாலையைத் தாண்டிவிட்டால் கல்யாணம்.

"இப்பப் போட்டு விட்டுறேன் அந்த எழவ" என்றாள் அம்மா.

"போன வாரம் போட்டுப் பார்த்து நிறுத்திட்டேம்மா. அத்தன வருசக் குப்பையப் பார்த்துட்டு, எப்ப முடியும்னு சொல்லவே மாட்டேன்னுருச்சு. அடுப்பே நின்னுபோச்சுல்ல?"

"கரண்ட் கட்டுன்னயே!"

"அதான் இது."

நாலரைக்கு வந்தார்கள். வேலாத்தாவின் அப்பா ரோஷன், பெரியம்மா மோனிஷா, நடுவில் பட்டுப்புடவையில் வேலாத்தா. ரோஷனின் கையில் வயர்கூடை. அதற்குள் அவர்கள் வீட்டுப் பெட்டி, மேலே ஒரு சீப்பு வாழைப்பழம்.

"வாங்க" என்றார் ரித்தீஷ். சுவரைப் பார்த்தார். பல்லி ஒன்று போயிற்று. "உக்காருங்க."

ரோஷன் அதை உள்வாங்கினார். நாற்காலியைப் பார்த்தார். உட்காருவதா என்று யோசித்தார். உட்கார்ந்தார். அந்த அழகைப் பார்த்து நாச்சிமுத்துவுக்குப் பொறாமையாக இருந்தது. அலசல் ஓடும் வீட்டில் பிறந்து வளர்ந்த மந்தம். தன் வீட்டாருடையது வாடகைக்கு எடுத்த கோட்டு மாதிரி ஒட்டாமல் நின்றது.

அம்மா தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். காபியில் ஆடை படியும்வரை நின்றாள். மோனிஷா பெரியம்மாவின் முகம் மலர்ந்தது.

"பையனும்..." என்று தொடங்கினார் ரோஷன். எல்லோரும் காத்திருந்தார்கள். "பொண்ணும்... தனியா... பேசட்டுமே."

மொட்டைமாடிக் கதவைச் சாத்தியதும் வேலாத்தா மூச்சு விட்டாள். "செத்தேன்டா! எங்கப்பா 'பேசட்டுமே'க்கு வர்றதுக்குள்ள கால் மரத்துப்போச்சு. உங்கம்மா நடிப்பு பிரமாதம்."

"நடிப்புன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

"கிச்சன் வாசல்ல நின்னப்ப தட்டுமேல வந்த ஈய ஒரே அடியில அடிச்சாங்க. அலசல் ஓடுற வீட்ல ஈக்கு ஆயுசு கெட்டி."

"உங்க பெரியம்மா பார்த்துட்டாங்களா?"

"அவங்க திரும்பறதுக்குள்ள ஈய எடுத்துப் போட்டாச்சு. சும்மா பயப்படாத. எங்க வீட்லயும் அலசல் ஓடல."

"என்னது?"

"தீபாவளிக்கு லீவுல வந்தப்ப நாந்தான் நிறுத்துனேன். திரும்பிப் போக டிக்கெட் போடறேன், போடறேன், சுத்திட்டே இருக்கு. கடுப்புல நிறுத்திட்டு ஹாஸ்டலுக்குப் போயிட்டேன். திரும்பப் போடல."

"வீட்ல சொன்னியா?"

"சொன்னா எங்கப்பா என்னையே நிறுத்திருவாரு."

நாச்சிமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். "நல்ல பொருத்தம் போ. ஆனா உங்கப்பாகிட்ட எங்கப்பா ட்யூஷன் போகணும். என்னமா நடிக்கிறாரு மனுசன்!"

"லூசு, அவரு எதுக்கு நடிக்கணும்? அவருக்குத்தான் தெரியாதே, அலசல் ஓடலன்னு."

"அதான... அலசலும் ஓடல, நடிக்கவும் இல்லன்னா, அவரு எதுக்கு இவ்வளவு மெதுவா இருக்காரு?"

கீழே யாரோ ஸ்பூனைத் தவறவிட்ட சத்தம் கேட்டது. வேலாத்தா அவனைப் பார்த்தாள்.

"இப்ப வர்ற நச்சுநிரலெல்லாம் தைலம் விக்கறதில்லடா" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "சத்தமில்லாம உக்காந்துட்டு, பெட்டியோட தெம்ப வெளிய வாடகைக்கு விட்டுருது. எவனோ எங்கயோ இருந்து எங்கப்பா தலைல கணக்குப் போட்டுட்டிருக்கான். என் தகடு ஹாஸ்டல் பெட்டியோட இருக்கறதால நான் தப்பிச்சேன்."

"எவ்வளவு நாளா?"

"தீபாவளிலருந்தா இருக்கும். தெருவே பாராட்டுச்சுடா, 'உங்க வீடு மாதிரி சுத்தமான வீடு கிடையாது'ன்னு. எதுத்த வீட்ல அதே காவல்நிரல் வாங்கணும்னு பேரு கேட்டுட்டுப் போனாங்க."

"அந்தப் பெட்டி இப்ப எங்க?"

"உங்க ஹால்ல."

ஓடினார்கள். படியிறங்கிக் கூடத்து வாசலுக்கு வந்ததும் இருவரும் பிரேக் போட்டதுபோல நின்றார்கள். இரண்டு பெட்டிகளும் டீப்பாயின் மேல் அருகருகே இருந்தன. ரோஷன் பிணைப்பு ஒயரின் முனையைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டுப் பெட்டியை நோக்கிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். சொருகிவிட்டால் இரு வீட்டார் செவித்தகடுகளும் இரண்டு பெட்டிகளோடும் தாமாகச் சேர்ந்துகொள்ளும். அதுதான் நிச்சயதார்த்தம்.

மோனிஷா பெரியம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாச்சிமுத்து நிலவரத்தைக் கணக்கிட்டான். உண்மையைக் கத்தினால் கல்யாணம் இல்லை. ஓடினாலும் இல்லை. அலசல் நேரத்தில் ஓடுகிற மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஆனால் ரோஷன் போகிற வேகத்துக்கு ஓடவே வேண்டியதில்லை. கண்ணியமாக நடந்தாலே போதும். முதலில் போய் ஒயரை வாங்கி, நல்ல நாள் பார்த்துச் சொருகலாம் என்று சொல்லிவிடலாம். அவன் நடந்தான். வேலாத்தா பக்கத்திலேயே நடந்தாள். நிச்சயம் ஜெயித்துவிடுவார்கள் என்றிருந்தது.

ரித்தீஷ் இயல்பிலேயே உபகாரி. ஒரு மனிதர் ஒயரும் கையுமாகத் தடுமாறுவதை அவரால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"குடுங்க சம்பந்தி, நான் சொருகறேன்" என்று சட்டென்று பிடுங்கிச் சொருகிவிட்டார்.

பெரியம்மாவின் புருவம் மெல்ல மேலேறியது. ரித்தீஷுக்குத் தான் செய்தது உறைத்தது. சமாளிக்க வாயைத் திறந்தார். "தப்பா..." என்றார். சுவரைப் பார்த்தார். பல்லி இல்லை. இருந்தும் பார்த்துக்கொண்டே இருந்தார். "எடுத்துக்காதீங்க" வருவதற்குள் பெரியம்மாவின் புருவம் இறங்கிப் பழைய இடத்துக்கு வந்திருந்தது.

அப்பா முதல்முறையாகச் சரியாகச் செய்கிறார் என்று நாச்சிமுத்து நினைத்தான். அந்த நினைப்பு முடிய நேரமாயிற்று. அவன் நடந்துகொண்டுதான் இருந்தான். எந்த அடியில் நடிப்பு முடிந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. ஒயரைப் பிடுங்க வேண்டும் என்று ஞாபகம் இருந்தது. எந்த ஒயர் என்பது வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வேலாத்தா கையை நீட்டியிருந்தாள்.

"நடைகூட... ஒண்ணா... இருக்குது" என்றாள் பெரியம்மா.

"சுத்தமான... இடம்" என்றார் ரோஷன். "தையில... வெச்சுக்கலாம்."

சமையலறையில் லக்ஷிதாவின் மூக்கின்மேல் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. இரண்டு பேரும் டீப்பாயை நோக்கிக் குனிந்தபடி வருவதைப் பார்த்த ரோஷன், காலில் விழத்தான் வருகிறார்கள் என்று நினைத்து, ஆசீர்வாதம் செய்யக் கையைத் தூக்கத் தொடங்கினார். அது மேலே போய்ச் சேருவதற்குள் தை வந்துவிடும் போலிருந்தது.