இடது பக்கத்துத் தூண்டில்

பார்சலைப் பிரித்ததும் முத்துப்பிரியாவின் கண்ணில் பட்டது பெட்டியின் மேல் இருந்த படம்தான். ஒரு வெள்ளைக்காரர் படகில் உட்கார்ந்து ஆளுயர மீனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

“இம்புட்டுப் பெரிய மீனு நம்ம தோட்டத்துக் குளத்துல கெடந்தா, தண்ணிக்கு எடமே இருக்காது மாமா!” என்றாள்.

பிரபு மாமா சிரித்தார். மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா சிரிக்கவில்லை.

மாமா குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறார். தோட்டத்துக் குளத்தில் சின்னப் படகு ஒன்று உண்டு. அதன் நடுவில் ஒற்றை இரும்புக் காலில் ஓர் இருக்கை நிற்கும். அந்தக் காலில் மாட்டத்தான் மாமா தூண்டில் ஸ்டாண்டு வாங்கியிருந்தார். அது இருந்தால் தூண்டில் கம்பைக் கையில் பிடிக்க வேண்டாம். ஒரு கையால் நூலைச் சுற்றினாலே போதும்.

எல்லாம் அப்பாவுக்காகத்தான்.

அப்பா காசிமாயன் போடியிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலும் கையுமாகக் குளத்தில்தான் கிடப்பார். போன மழைக்காலத்தில் ஒரு வளைவில் ஜீப்பு கவிழ்ந்தது. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். அப்பாவின் வலது கை மட்டும் அசையாமல் போய்விட்டது.

அன்றிலிருந்து வீட்டில் யாரும் அந்தக் கையைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் அப்பா உடைந்துபோவார் என்று எல்லோருக்கும் பயம். அம்மா காப்பி டம்ளரைக்கூடப் பழையபடி அவருடைய வலது பக்கத்திலேயே வைப்பாள். அப்பா இடது கையைக் குறுக்கே நீட்டி எடுப்பார். சில நாள் எடுக்கவே மாட்டார். காப்பி ஆறி ஆடை கட்டிப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் குளத்துக்குப் போனார்கள். அப்பா கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டார். ஸ்டாண்டின் கவ்வி பெரிதாக இருந்தது, இருக்கையின் கால் ஒல்லியாக இருந்தது. மாட்ட மாட்ட வழுக்கிக் கீழே இறங்கியது.

“அந்தச் சைக்கிள் டியூப்பைக் கொண்டா பிரியா!”

மாமா டியூப்பை நறுக்கிக் காலைச் சுற்றிக் கட்டினார். அதன்மேல் கவ்வியை வைத்து ஸ்பானரால் முடுக்கினார். இப்போது அசையவில்லை.

“வலது பக்கமா வச்சிட்டீங்களே மாமா?”

மாமா குரலைத் தாழ்த்தினார். “மச்சான் எப்பவும் தூண்டில் போடுற பக்கம். மாத்தி வச்சா மனசு சங்கடப்படும்.”

பிரியாவுக்கு டம்ளர் நினைவுக்கு வந்தது. ஸ்பானரை வாங்கிப் படகில் போட்டாள்.

அப்பாவை இருக்கையில் உட்காரவைத்து, மற்ற இருவரும் படகில் ஏறிக்கொண்டார்கள். நடுக்குளத்தில் மாமா தூண்டிலை வீசி, கம்பை ஸ்டாண்டில் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் தக்கை முங்கியது. அப்பாவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அவர் இடது கையைக் குறுக்கே நீட்டினார். எட்டவில்லை. உடம்பைத் திருப்பி எம்பினார். படகு சாய்ந்தது.

“பாத்து மச்சான்!”

அதற்குள் நூல் தொய்ந்துவிட்டது. மீன் போய்விட்டது.

“போதும் மாப்ளே, கரைக்கு விடு. இனிமே இந்தச் சோலியே எனக்கு வேணாம்.”

மாமா துடுப்பை எடுத்தார். இப்போது கரையேறினால் அப்பா இந்தப் பக்கமே திரும்பி வரமாட்டார் என்று பிரியாவுக்குத் தெரிந்தது.

“அப்பா, ஒங்க வலது கைதான் அசையாதே!”

“பிரியா!” மாமா அதட்டினார்.

“நாமதான் மாமா தெரியாத மாதிரி இருக்கோம். ஸ்டாண்டை இடது பக்கம் மாத்துங்க. அங்கனதான் அப்பாவுக்கு எட்டும்.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா வலது கைமேல் போட்டிருந்த துண்டை இடது கையால் விலக்கினார்.

“இத்தன மாசமா ஒருத்தரும் இந்தக் கையைப் பாக்கல,” என்றார். “பாக்கவே கூடாத கையின்னு நானும் துண்டைப் போட்டு மூடி வச்சேன். நீயாவது சொன்னியே ஆத்தா.”

பிறகு மாமாவைப் பார்த்தார். “ஸ்பானரை எடு மாப்ளே, வெரசா!”

மாமா கவ்வியைத் தளர்த்தி இடது பக்கம் திருப்பினார். டியூப்பு நழுவாமல் அப்பா இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான்கைந்து தடவை நூலைச் சுற்றிப் பார்த்தார். கை சுகமாக எட்டியது. மாமா மறுபடி தூண்டிலை வீசினார்.

வெயில் ஏறியபோது தக்கை மறுபடி முங்கியது. அப்பா நிதானமாகச் சுற்றினார். நூலின் முனையில் துள்ளிக்கொண்டு வந்தது உள்ளங்கை அகலக் கெண்டை.

“இம்புட்டுத்தானா?” என்றாள் பிரியா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“தண்ணிக்கும் எடம் வேணும்ல?” என்றார் அப்பா.

சாயங்காலம் வீடு திரும்பியதும் அம்மா காப்பி கொண்டுவந்து வழக்கம்போல வலது பக்கத்தில் வைத்தாள்.

“பொன்னுமணி, அதை இந்தப் பக்கம் வை,” என்றார் அப்பா.

அம்மா திடுக்கிட்டு அவரையும் பிரியாவையும் மாறி மாறிப் பார்த்தாள். டம்ளரை மெல்ல நகர்த்தி அவருடைய இடது பக்கத்தில் வைத்தாள்.

அப்பா அதை எடுத்து, சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்தார்.