செத்த கீ

கீபோர்டில் மேற்கோள்குறிக் கீயை அழுத்தினால் திரையில் ஒன்றுமே வரவில்லை. பிரெஞ்சில் ‘இறந்தார்’ என்று எழுத, தலையில் சாய்கோடு போட்ட é மூன்று வேண்டும். உமாராணிக்கு ஒன்றுகூட விழவில்லை. பாண்டிச்சேரிக்காரர் ஒருவரின் இறப்புச் சான்றிதழ் அது. அவள் தன் பெயரில் கையெழுத்திடப்போகும் முதல் மொழிபெயர்ப்பு. காலையில் கொடுத்தாக வேண்டும்.

இந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்த வடலூர்க் கடைக்காரன் வளவனுக்குப் போன் செய்தாள்.

“கீபோர்டு லேஅவுட்ட பிரெஞ்சுக்கு மாத்துனீங்களாக்கா?”

“மாத்திட்டேன். அப்பவும் ஒண்ணும் வரல.”

“வராதுக்கா. அடுத்த எழுத்துக்காகக் காத்துகினு இருக்கும். டெட் கீன்னு சொல்லுவாங்க. செத்த கீ. அத அழுத்திட்டு e-ய அழுத்துங்க, வந்துடும்.”

போனை வைத்தாள். கணவன் அருள் நிலக்கரிச் சுரங்கத்தில் இரண்டாம் ஷிப்டுக்குப் போயிருந்தான். பொழுது சாயும் முன்பே மழை இருட்டிக்கொண்டு வந்து, குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரங்கள் ஒரே கரும் திட்டாகிவிட, ஈர மண்ணோடு சாம்பல் நெடியும் சுரங்கத்துப் பக்கமிருந்து ஓயாத ஒரு முனகலும் அறைக்குள் வந்து நிறைந்தன.

செத்த கீயை அழுத்தினாள். விரலை எடுத்தாள்.

அவள் தொடாமலே e கீழே இறங்கியது.

é.

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள். பிடுங்கி வேறு துளையில் செருகினாள். லேஅவுட்டை மறுபடி சரிபார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மீண்டும் அழுத்தினாள். இந்த முறை கண்ணெடுக்காமல் பார்த்தாள். யாரோ நிதானமாக விரல் வைத்து அழுத்துவதுபோல e கட்டை மெல்ல அமுங்கி, மெல்ல எழும்பியது.

பக்கத்து வீட்டுச் செல்லக்கிளியைக் கூப்பிட்டால் வந்துவிடுவாள். உமாராணி எழுந்தாள். வாசல் பக்கம் இரண்டடி வைத்தாள். தான் பயந்து ஓடுவதே அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது. மறுபடி உட்கார்ந்தாள்.

“உனக்கெதுக்கு இந்த வேலைன்னு வீட்டுல எல்லாரும் சொல்லியாச்சு,” என்றாள் வெற்று அறையிடம். “நீயும் சொல்லிப் பாரு. நான் எந்திரிக்க மாட்டேன்.”

செத்த கீ. உடனே தன் விரலை e மேல் வைத்தாள்.

அந்த விரல்மேல் இன்னொரு விரல் வந்து படிந்தது.

சில்லென்று. கனமாக.

அழுத்தியது. அவளும் அழுத்தினாள். é. அடுத்த எழுத்து. மறுபடி é. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லை முடித்தாள். அந்தக் கையின் மற்ற விரல்களும் ஒவ்வொன்றாக அவள் விரல்களுக்கு இடையில் இறங்கின.

அவள் கையை இழுக்கவில்லை.

“சரி. அடுத்த வரி.”

திரையைப் படிப்பதற்காக, அவள் இடது தோளில் ஈரமான ஒரு தாடை வந்து அமர்ந்தது.