சுருதி விலகிய இடம்

குடையைக் கிதாருக்குக் கொடுத்துவிட்டுத் தொப்பலாக நனைந்து வந்தவனைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டுடியோவின் ஒலிப்பதிவாளருக்குக் காய்ச்சல். அன்று அவருக்குப் பதிலாக அவள்.

கிதாரை மடியில் படுக்க வைத்து, கம்பிகள்மேல் ஓர் இரும்பு உருளையை வழுக்கவிட்டான். ராகம் கெஞ்சியது, கொஞ்சியது... கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இவளுக்கு உட்காரவே முடியவில்லை. அந்தக் கண்கள் வேறு! பாதி மூடி, பாதி திறந்து... என்ன மனுஷன் இவன்?

அவன் காபி குடிக்கப் போன நேரத்தில்தான் வந்தது வினை. சினிமாப் பாடகர்களின் பிசிறைக் கம்ப்யூட்டரில் சரிசெய்தே பழகிய கை சும்மா இருக்குமா? நல்லது செய்வதாக நினைத்து, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவன் வழுக்கி இழைத்த இடங்களையெல்லாம் நேராக்கிவிட்டாள்.

திரும்பி வந்து கேட்டவனின் முகம் சுண்டிப்போனது.

"இதுக்கு யாரு இஸ்திரி போட்டது?"

"சுருதி விலகியிருந்துச்சு. சேர்த்தேன்."

"இழைக்கிறதுதாங்க என் வாசிப்பே. அதையும் எடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கு?"

மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது. பாழாய்ப்போன வீம்பு, விட்டால்தானே! இந்தப் பதிவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவன் மழையிலேயே இறங்கிப் போய்விட்டான்.

அப்புறம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருத்தாத பதிவைப் போட்டுப் போட்டுக் கேட்டாள். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றைத் தொடுவதற்குள் எத்தனை தயக்கம்... உயிரே அதில்தான் இருந்தது. எல்லாவற்றையும் பழையபடி மாற்றி அனுப்பினாள். பதில் இல்லை. அவன் கச்சேரிகளுக்காக வெளிநாடு போகிறான், திரும்ப ஒரு வருஷமாகும் என்று ஒலிப்பதிவாளர்தான் சொன்னார். போனால் போகட்டும் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

அவன் கிளம்பும் நாளன்று வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள். பெட்டியும் கையுமாக அவனே திறந்தான்.

"தப்பு என்னோடதுதான்," என்றாள், மூச்சு வாங்க.

அவன் தரையைப் பார்த்தான்.

"முழுசா இல்ல. ஒரு இடத்துல நிஜமாவே விலகிடுச்சு. ஆலாபனை முடியற இடம்... நீங்க நிமிர்ந்து பார்த்தீங்க, கை தப்பிடுச்சு. அதைக் கண்டுபிடிச்சிட்டீங்களோன்னுதான் அவ்வளவு கோபம். அன்னிலேர்ந்து எதை வாசிச்சாலும் உங்க முகம்தாங்க வருது."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அந்த இடம் எனக்குத் தெரியும். தினமும் அதைத்தான் போட்டுக் கேக்குறேன்... ஒரு வருஷத்துக்கு அது மட்டும் போதாதுங்க."