குறைந்துகொண்டே வந்த வேறுபாடுகள்

திங்களன்று முப்பத்தொரு வேறுபாடுகளைக் காட்டிய கணினி நிரல், செவ்வாயன்று பத்தொன்பதுதான் காட்டியது.

இரண்டு பட்டியல்களை வரிக்கு வரி ஒப்பிட்டு, எங்கெல்லாம் சமமில்லை என்று சொல்லும் நிரலை அவள் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தாள். சோதித்துப் பார்க்க, தன் இரட்டைப் பெண்களின் கைப்பட்டைகள் பதிந்துவைத்த நாடித்துடிப்பையும் தூக்கத்தையும் நடையையும் எடுத்துக்கொண்டாள். ஒன்று, பெரியவளின் அன்றன்றைய பட்டியல். மற்றது, நாற்பது நாளுக்கு முன் காய்ச்சலில் போய்விட்ட சின்னவள் நன்றாக இருந்த கடைசி நாளுடையது. வேலைக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டாள். அந்த எண்களைப் பார்க்காமல் ஒரு நாளும் அவளால் இருக்க முடியவில்லை.

புதனன்று ஏழு. வியாழனன்று ஒன்று.

வெள்ளி மாலை, பள்ளியிலிருந்து வந்த பெரியவள் உள்ளறையில் தனக்குத்தானே ஏதோ முனகிக்கொண்டிருக்க, பிழியாத ஈரத்துணியும் மருந்தும் கலந்த பழைய வாடை கதவிடுக்கு வழியே மெல்ல மெல்லக் கூடம் முழுக்கப் பரவிக்கொண்டிருக்க, திரையில் பூஜ்யம் வந்தது.

கூட வேலை பார்ப்பவனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ரெண்டு கோப்புலயும் ஒரே பட்டியல்தான் இருக்கோ என்னவோ. ஒண்ணை அதோடவே ஒப்பிட்டா வித்தியாசம் எப்படி வரும்?" என்றான்.

"பாத்துட்டேன். ரெண்டும் தனித்தனி."

"அப்ப அது சரியாத்தான் சொல்லுது."

உள்ளே முனகல் நின்றது.

குழந்தை உள்ளறை வாசலில் வந்து நின்றாள். தலையைச் சாய்த்து, ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக்கொண்டு. பெரியவள் ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

"சின்னக்குட்டி." வாய் தவறி வந்துவிட்டது.

"ம்."

ஓடிப்போய் மண்டியிட்டு அணைத்துக்கொண்டாள். நாற்பது நாள் அழுகையும் ஒன்றாகப் பொங்கி வந்தது. அப்புறம்தான் நினைவு வந்தது.

"அக்கா எங்கடி?"

"நீ தினமும் என்னையத்தானே கூப்பிட்டே. அவளை ஒரு நாள்கூடக் கூப்பிடலையேம்மா."

குழந்தையின் மார்பில் காதை வைத்தாள். துடிப்பு. அதற்கும் கீழே, வெகு ஆழத்தில், பெரியவளின் குரல்.

அம்மா. அம்மா.

சின்னவளை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்தது. கைகள் கேட்கவில்லை. இன்னும் இறுக்கின.