முதல் இரண்டு வரிசைகள்

பன்னிரண்டு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் டெங்கே. திராட்சைத் தோட்டக்காரன் தர்கான், மய்னூருக்கும் அவள் கூட்டி வந்த பத்துப் பெண்களுக்கும் கொடுக்க வேண்டிய கூலி அது. குளிருக்கு மூடி வைத்த கொடிகளின் மேலிருந்து இரண்டு வாரம் மண் தள்ளியதற்கு. கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டான்.

மய்னூர் வந்து இதைச் சொன்னபோது கலம்காஸ் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாவட்டப் போலீசில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற பிறகும் ஊர்க்காரர்கள் அவளை விடுவதாக இல்லை, அவளும் கதவைப் பூட்டுவதாக இல்லை. இறந்துபோன கணவனின் தம்பி ஒராஸ் டாக்சி ஓட்டுகிறவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் அண்ணி வீட்டில்தான் கிடப்பான். வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"என்ன காரணம் சொல்றான்?" என்றாள் கலம்காஸ்.

"முதல் ரெண்டு வரிசைக் கொடிய நாங்க மண்வெட்டியால கொத்திக் கொன்னுட்டோமாம் அக்கா. அவன் மாமனார் கையால வச்ச பழைய கொடி. எல்லாம் பட்டுப் போச்சு. ஒரு துளிர் இல்ல."

"கொத்தினீங்களா?"

"அந்த ரெண்டு வரிசைய நாங்க தொடவே இல்லக்கா. மத்ததெல்லாம் மண்ணுக்குள்ள படுத்துக் கெடந்துச்சு. ஆப்ரிகாட் பூத்த மறுநாள் போனோம். மண்ணத் தள்ளினோம், கொடியத் தூக்கினோம், அவன் குடுத்த வெள்ளை நைலான் கயித்தால கம்பியில கட்டினோம். அந்த ரெண்டு வரிசை மட்டும் நாங்க போறப்பவே நிமிந்து நின்னுச்சு. யாரோ முன்னாடியே தொறந்துட்டாங்கன்னு நெனச்சோம். வேலை கொறஞ்சா நல்லதுதானேன்னு வாயத் தொறக்கல."

"போன நவம்பர்ல, பனிக்கு முன்னாடி, கொடியப் படுக்க வச்சு மண்ணால மூடினது யாரு?"

"அது டிராக்டர்காரங்க. வேற ஊரு. நாங்க இல்ல." அவள் கோப்பையைத் தொடவில்லை. "பத்து பேரும் நான் காச வாங்கி முழுங்கிட்டேன்னு பேசுறாளுங்க. சனிக்கிழமை அவன் மச்சான் கென்ஜெபெக் தலைநகர்லருந்து வர்றாரு. அவர் காசுலதான் அந்தத் தோட்டமே ஓடுது. அவர்கிட்ட எங்க பேரச் சொல்லி முடிச்சுட்டான்னா, அடுத்த வருஷம் இந்த மலையடிவாரத்துல ஒருத்தனும் எங்களக் கூப்பிட மாட்டான்."

"அண்ணி, இது பக்கத்துத் தோட்டக்காரன் வேலை," என்றான் ஒராஸ். "பொறாமை. மருந்து ஊத்தியிருப்பான். நான் சொல்றேன் பாருங்க."

"நீ டீயக் குடி," என்றாள் கலம்காஸ். பிறகு மய்னூரைப் பார்த்தாள். "சனிக்கிழமை அங்க டூர் உண்டா?"

"எப்பவும் உண்டு. அல்மாட்டி நகரத்துலருந்து வேன்ல வருவாங்க. மூக்க கிளாசுக்குள்ள விடுவாங்க, போயிருவாங்க."

"மத்தியானம் நீ தோட்டத்து கேட் பக்கத்துல வந்து நில்லு. ஒராஸ், ரெண்டு டிக்கெட் போடு."

அரை நாள் ஒயின் சுவைப் பயணம் என்று அதற்குப் பெயர். காலையில் வேனில் ஏற்றி, இரண்டு தோட்டம் காட்டி, ஆறு கோப்பை ஊற்றி, மதியச் சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவர்கள் இருவரைத் தவிர வேனில் எட்டு பேர் இருந்தார்கள். எல்லாருடைய காலிலும் வெள்ளைச் செருப்பு. ஏப்ரல் மாதத்தில் எங்கள் பக்கத்து மண் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வழிகாட்டிப் பெண் ராமினா நல்ல பிள்ளைதான். கொடுத்ததை ஒப்பிக்கிறவள். முதல் தோட்டத்தில் ஒரு பல் வைத்தியர் கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, கண்ணை மூடி, "ஈரக் கல் வாசனை. கொஞ்சம் குதிரைச் சேணம்," என்றார். அவர் மனைவி சேணத்தை ஒத்துக்கொண்டாள், கல்லை ஒத்துக்கொள்ளவில்லை. குதிரையின் பக்கத்தில் ஒரு நாளும் நின்றிராத இரண்டு பேர் சேணத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார்கள். பெண்கள் குனிந்த முதுகு நிமிராமல் தூக்கிக் கட்டிய கொடியின் சாறு. அதை வாயில் வைத்துக் கொப்பளித்து வாளியில் துப்புவதற்குக் காசு. துப்பிய பிறகு அதைப் பற்றிப் பேசுவதற்குத்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள்.

ஒராஸ் துப்பவில்லை. கொடுத்ததையெல்லாம் குடித்தான்.

இரண்டாவது தோட்டம் தர்கானுடையது. நீலக் கதவு வைத்த சுவைக்கூடம், அதன் வாசலை ஒட்டியே அந்த முதல் இரண்டு வரிசைகள். அடிமரம் மணிக்கட்டு கனத்தில், முறுக்கேறி, கறுத்து நின்றது. ஒரு மொட்டுகூட இல்லை. அதற்கு அப்பால் மூன்றாம் வரிசையிலிருந்து மலை வரைக்கும் எல்லாக் கொடியிலும் பச்சை எட்டிப் பார்த்தது.

"இந்தப் பழைய கொடிகள் வேலையாட்களோட கவனக்குறைவால காயப்பட்டிருக்கு," என்றாள் ராமினா. பல் வைத்தியரின் மனைவி 'ஐயோ பாவம்' என்று படம் எடுத்துக்கொண்டாள்.

ஒராஸ் கறுத்த மரத்தில் இடுப்புயரத்தில் இருந்த வெட்டுகளைத் தடவினான். "மண்வெட்டி வெட்டுதான் அண்ணி. மய்னூர் பொய் சொல்லுதோ?"

"கையில ஏதாவது ஒட்டுச்சா?"

"இல்ல. காஞ்சு கெடக்கு. விறகு மாதிரி."

அவன் மூன்றாம் வரிசைக்குள் நுழைந்து திரும்பியபோது நறுக்கி விட்ட ஒரு கொடி நுனி அவன் சட்டைக் கையில் உரசியது. "ச்சே, நனைஞ்சு போச்சு. யாரு தண்ணி விட்டா?"

"யாரும் விடல," என்றாள் கலம்காஸ். அவள் கம்பியில் கட்டியிருந்த கயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வரிசையில் வெள்ளை நைலான். முதல் இரண்டில் சணல். வெயிலிலும் ஈரத்திலும் கிடந்து சாம்பல் நிறமாகி, தொட்டால் உதிர்கிற சணல். கம்பியின் துரு அதில் ஊறியிருந்தது.

உள்ளே நீண்ட மேசை போட்டிருந்தார்கள். மேசையின் தலைமாட்டில் கென்ஜெபெக் உட்கார்ந்திருந்தார். கனத்த மனிதர், தொப்பியைக் கழற்றவில்லை, கோப்பையையும் தொடவில்லை. தர்கான் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் ஊற்றினான். மெல்லிய சால்வையைக் கழுத்தில் சுற்றியிருந்தான், இத்தாலியில் யாரோ அப்படிச் சுற்றுவதைப் பார்த்திருப்பான் போலிருக்கிறது.

"ஒயின் ஒரு பண்பாடு," என்றான் விருந்தாளிகளிடம். "ஆனா இங்க கிடைக்கிற ஆளுங்களுக்கு உருளைக்கிழங்கும் ஒண்ணு, திராட்சையும் ஒண்ணு. என் மச்சான்கிட்ட இப்பதான் சொல்லிக்கிட்டிருந்தேன். மண்வெட்டியக் குடுத்தா எதை வெட்டுறோம்னு பார்க்கிறதில்ல."

எட்டுத் தலைகளும் வருத்தமாக ஆடின.

கலம்காஸ் சுவரைப் பார்த்தாள். கென்ஜெபெக்கின் முதுகுக்குப் பின்னால் புதுச் சட்டம் போட்ட பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. ரோமத் தொப்பி போட்ட பத்துப் பன்னிரண்டு பேர், கையில் ஆவி பறக்கும் கோப்பை, நடுவில் சால்வையோடு தர்கான். அவர்களுக்குப் பின்னால் முறுக்கிய கறுத்த கொடிகள், கொடியின் மேல் விரல் கனத்துக்குப் பனி, ஓரத்தில் நீலக் கதவு.

"இது எப்ப எடுத்தது, அம்மா?" என்று ராமினாவைக் கேட்டாள்.

ராமினா மகிழ்ந்துபோனாள். "ஜனவரியில. எங்க புது குளிர்கால டூர். கொடிகளுக்கு நடுவுல நின்னு சூடான ஒயின் குடிக்கலாம். சார் யோசனைதான். அடுத்த குளிருக்கும் உண்டு, நீங்க அவசியம் வரணும்."

"வர்றேன்," என்றாள் கலம்காஸ். "ஒராஸ், கேட் பக்கத்துல மய்னூர் நிப்பா. கூட்டிட்டு வா."

தர்கான் ஊற்றுவதை நிறுத்திவிட்டான். "யாரு நீங்க?"

"டிக்கெட் வாங்கின விருந்தாளி. சாப்பாடு வர்ற வரைக்கும் ஒரு விஷயம் பேசலாமா?"

மய்னூர் வந்து கதவோரம் நின்றாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. கலம்காஸ் தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டாள்.

"வெளியில ரெண்டு வரிசை செத்துக் கெடக்கு. அதைக் கொன்னது இவளோட மண்வெட்டின்னு இவர் சொல்றார். வெட்டு இருக்கு, இல்லேங்கல. ஆனா வசந்த காலத்துல உசிருள்ள கொடிய வெட்டினா நாள் கணக்கா தண்ணி வடியும். கொடி அழுவுதுன்னு சொல்வோமில்லையா. என் கொழுந்தன் சட்டைய பாருங்க, மூணாவது வரிசை இன்னும் அழுதுக்கிட்டு இருக்கு. முதல் ரெண்டு வரிசையில அத்தனை வெட்டு, ஒரு சொட்டு வடிஞ்ச தடமில்ல. பொணத்த வெட்டினா ரத்தம் வராது. செத்த பிறகு யாரோ கொத்தியிருக்காங்க."

"நோய் வந்து செத்திருக்கலாம்," என்றான் தர்கான்.

"இருக்கலாம். அப்ப கயிறப் பாருங்க. படுக்க வச்சு மூடின கொடியில, மூடறப்ப பழைய கட்ட அறுத்துருவாங்க. தூக்கினதும் புதுசு கட்டுவாங்க. இவங்க கட்டினது எல்லாம் வெள்ளைக் கயிறு. இந்த ரெண்டு வரிசையில போன வருஷத்துச் சணல் அப்படியே இருக்கு. அதாவது போன நவம்பர்ல இத யாரும் அறுக்கல. படுக்க வைக்கல. மூடவும் இல்ல."

ஒராஸ் வாயைப் பிளந்தான். "பனி முழுக்க நின்னுச்சா?"

"நின்னுச்சு. குளிர்லதான் செத்துச்சு. இந்த ஊர்ல வீட்டுப் பின்னாடி ஒரே ஒரு கொடி வச்சிருக்கிற கிழவன்கூட அத மூடாம படுக்கப் போக மாட்டான். இங்க டிராக்டர் வந்து எல்லாத்தையும் மூடிட்டு, வாசல்ல இருக்கிற ரெண்டு வரிசைய மட்டும் விட்டுட்டுப் போயிருக்கு. அவனா விடுவானா? விடச் சொன்னாத்தான் விடுவான். யாரு சொன்னாங்கன்னு நான் தேடவே வேண்டியதில்ல." அவள் கென்ஜெபெக்கைப் பார்த்தாள். "சட்டம் போட்டு உங்க முதுகுக்குப் பின்னாடியே மாட்டி வச்சிருக்கார். கொஞ்சம் திரும்புங்க."

கென்ஜெபெக் மெதுவாகத் திரும்பினார். படத்தை நெடுநேரம் பார்த்தார். மேசையில் பல் வைத்தியர் மட்டும் இன்னும் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தார், பிறகு அவரும் நிறுத்தினார்.

"மாப்ள," என்றார் கென்ஜெபெக். "வெறும் மண்ணுல நின்னு படம் எடுத்தா நல்லா இருக்காதுன்னு விட்டியா?"

"போன வருஷம் குளிரே இல்ல மச்சான். இந்த வருஷமும் தாங்கும்னுதான்... ஜனவரி பூரா டூர் நிறைஞ்சு போச்சு. அந்தக் காசு தோட்டத்துக்குத்தானே."

"வெட்டினது யாரு?"

தர்கான் சால்வையைத் தளர்த்தினான்.

"சரியா வெட்டக்கூடத் தெரியல உனக்கு," என்றார் கென்ஜெபெக். "இடுப்புயரத்துல கொத்தியிருக்க. மண் தள்ளுறவன் மண்வெட்டி தரையில இருக்கும். குனிய வலிச்சுதோ? எங்கப்பா ஒவ்வொரு குளிருக்கும் முட்டி போட்டு அதப் படுக்க வச்சாரு. உனக்குக் குனிஞ்சு பொய் சொல்லக்கூட முடியல." அவர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, குப்புற, ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "ஃபோன எடு. அவங்க காச அனுப்பு."

"சாயங்காலம்..."

"இப்ப. இவங்க முன்னாடி."

தர்கான் அனுப்பினான். மய்னூரின் பையில் ஃபோன் ஒலித்தது. அவள் எடுத்து, தொகையை இரண்டு தரம் படித்தாள். பிறகு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, தலைக்கு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் என்று ஒவ்வொருத்திக்கும் அனுப்ப ஆரம்பித்தாள். நாலாவது ஆளுக்குப் போகும்போதே திரும்ப அழைப்பு வந்துவிட்டது. எடுக்கவில்லை. "இப்ப கூப்பிடுறா பாரு, நேத்து திருடின்னா," என்று ஒராஸிடம் மட்டும் சொன்னாள்.

ராமினா என்ன செய்வதென்று தெரியாமல் சாப்பாட்டைப் பரிமாறச் சொன்னாள். ஆட்டிறைச்சிச் சோறு வந்தது. ஒருவரும் வாசனையைப் பற்றிப் பேசவில்லை.

பத்தாவது ஆளுக்கும் அனுப்பி முடித்து மய்னூர் எழுந்தாள். தர்கான் வாசல் வரை பின்னாலேயே வந்தான். கையில் முத்திரை குத்திய ஒரு புட்டி. மச்சான் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னான்.

"மனசுல வச்சுக்காதீங்க அக்கா. எங்க தோட்டத்துலயே உசந்தது. வீட்டுக்குக் கொண்டு போங்க."

மய்னூர் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அதை அவன் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"வேணாம்பா. ஊறுகாய் போட வீட்டுல வினிகர் இருக்கு. கணக்கு தீந்துச்சு."